ஒட்டக ஆன்டிபாடி ஸ்கேன் இருந்தால் அம்மாவுக்கு ஊசி வேண்டாமா?

சிங்கப்பூர் யீஷூனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு ஆறு வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கீமோ, ஒரு வருடம் ஹெர்செப்டின், எல்லாம் முடிந்து நன்றாகத்தான் இருந்தார். இப்போது கல்லீரலில் இரண்டு இடத்தில் ஏதோ தெரிகிறது. ஊசி விட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். அம்மா பயப்படுகிறார். "ஒட்டகத்து ஆன்டிபாடியின் சின்னத் துண்டை வைத்து ஸ்கேன் எடுத்தால், ஊசியே இல்லாமல் அது ஹெர்-2 கட்டியா இல்லையா என்று தெரிந்துவிடுமாமே, அது இங்கே கிடைக்குமா? அண்ணன், அக்கா யாராவது தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, கிடைக்குமா என்று கேட்டாலும் உங்கள் மனத்தில் இருப்பது வேறு கேள்வி. அம்மாவை அந்த ஊசியிலிருந்து தப்பவைக்க வழி இருக்கிறதா, அதை டாக்டர் சொல்லாமல் விட்டுவிட்டாரா என்பதுதானே? முதலில் அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. நீங்கள் படித்த ஸ்கேன் கட்டுக்கதையும் இல்லை, உண்மையிலேயே மனிதர்களுக்குச் செய்து பார்த்ததுதான். ஆனால் நான் இதை எழுதும் நாள்வரை அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒப்புதல் பெற்று வழக்கத்துக்கு வந்த நானோபாடி ஸ்கேன் (நீங்கள் சொன்ன ஒட்டக ஆன்டிபாடித் துண்டுக்கு அதுதான் பெயர்) ஒன்றுகூட இல்லை. சிங்கப்பூரிலும் பணம் கட்டி, நாள் குறித்துப் போய் எடுத்துக்கொள்ளும் பரிசோதனையாக அது இல்லை. அதோடு, கல்லீரல் இந்த ஸ்கேனுக்குக் கொஞ்சமும் தோதான இடமில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அக்கா என்று கூப்பிட்டுவிட்டீர்கள், அதனால் நான் யார் என்றும் சொல்லிவிட வேண்டும். அணு மருத்துவப் பிரிவில் கதிரியக்க மருந்து தயாரிப்பது என் வேலை. இருபது வருடத்துக்கு மேலாக ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றே என் காலைப் பொழுது போகிறது. நான் புற்றுநோய் மருத்துவர் இல்லை. அம்மாவுக்கு எந்த மருந்து சரி என்பதில் நான் வாய் திறக்க மாட்டேன். ஊசிக்குழலுக்குள் என்ன போகிறது, அது உடம்புக்குள் எங்கே போய் நிற்கிறது என்பது மட்டும் என் துறை.

ஆன்டிபாடி என்பது உடம்பே செய்யும் புரதம். தனக்குரிய ஒரே ஒரு பொருளைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அம்மா போட்டுக்கொண்ட ஹெர்செப்டினும் ஓர் ஆன்டிபாடிதான், மருந்துப் பெயர் டிராஸ்டுசுமாப். சில மார்பகப் புற்றுச் செல்களின் மேல் ஹெர்-2 என்ற புரதம் அளவுக்கு மீறி முளைத்திருக்கும், அதைப் பிடிக்கிறது. அப்படியானால் இந்த ஆன்டிபாடியின் முதுகில் கொஞ்சம் கதிரியக்கத்தைக் கட்டி அனுப்பினால், அது போய் ஒட்டும் இடமெல்லாம், உடம்புக்குள் இருக்கும் கதிரியக்கத்தைப் படமாக்கும் பெட் ஸ்கேனரில் ஒளிரும் அல்லவா? யோசனை சரிதான், செய்தும் பார்த்தார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரக் குழு 2010-ல் சிர்கோனியம்-89 என்ற கதிரியக்க உலோகம் கட்டிய டிராஸ்டுசுமாபை நோயாளிகளுக்குச் செலுத்திப் படம் எடுத்தது. கட்டிகள் தெரிந்தன. ஆனால் நல்ல படம் கிடைக்க ஊசி போட்ட பிறகு நான்கைந்து நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஏன் அத்தனை நாள்? தீபாவளிக்கு முந்தின இரவு பத்து மணிக்குச் சிராங்கூன் ரோட்டில் போய், இந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் யார் என்று பாருங்கள். தெரியவே தெரியாது. எள் போட்டால் எள் விழாத கூட்டம், அத்தனையும் வந்து போகிற ஆட்கள். கூட்டம் கலைந்து விடிகாலை மூன்று மணிக்கு மேல் போனால்தான், எந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று தெரியும். முழு ஆன்டிபாடி ரத்தத்தை விட்டு லேசில் கலையாத கூட்டம். அதன் எடை சுமார் 150 கிலோடால்டன், மூலக்கூறுகளை எடை போடும் அளவு அது. சிறுநீரகச் சல்லடை கிட்டத்தட்ட 60 கிலோடால்டனுக்கு மேல் உள்ளதை வெளியே விடாது. போதாக்குறைக்கு, ஆன்டிபாடி இரண்டு கையும் ஒரு தண்டுமாக ஆங்கில Y எழுத்து மாதிரி இருக்கும், அந்தத் தண்டுப் பகுதியை உடம்பே அடையாளம் கண்டு, சிதையவிடாமல் மறுபடி மறுபடி ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் நம் ரத்தத்தில் ஓர் ஆன்டிபாடியின் பாதி குறைய ஏறத்தாழ மூன்று வாரம் ஆகிறது. மருந்தாக இருக்கும்போது அது பெரிய வரம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதும். படம் எடுக்கும்போதோ உடம்பு முழுக்க மங்கலாக ஒளிர்ந்துகொண்டே இருக்கும். நான்கு நாள் தாங்க வேண்டும் என்றால் கதிரியக்கமும் நீண்ட ஆயுள் உள்ளதாக வேண்டும். சிர்கோனியம்-89 பாதியாக 78 மணி நேரம் எடுக்கும். அதற்கான விலையை நோயாளிதான் கொடுக்கிறார்: அப்படி ஒரு ஸ்கேனுக்கு 18, 20 மில்லிசீவர்ட் அளவுக்குக் கதிர்வீச்சு உடம்பில் சேரும். சர்க்கரை போன்ற பொருளில் கதிரியக்கம் கட்டிப் போடும் வழக்கமான எஃப்டிஜி பெட் ஊசியில் இது சுமார் 7 தான்.

தண்டுதான் தொல்லை என்றால் தண்டை வெட்டிவிடலாமே என்ற எண்ணம் புதிது இல்லை. ஆட்டுக்கறி சீக்கிரம் வேக அம்மாக்கள் பப்பாளிக்காயை நறுக்கிப் போடுவார்கள் இல்லையா, அந்தப் பப்பாளிப் பாலில் உள்ள பப்பாயின் என்ற நொதியை வைத்துத்தான் இங்கிலாந்தின் ராட்னி போர்ட்டர் 1959-ல் முயல் ஆன்டிபாடியை வெட்டினார். இரண்டு கைகளும் தனித்தனியாக வந்தன, தண்டு தனியாக வந்தது. கைத்துண்டுக்கு ஃபேப் என்று பெயர், எடை 50 கிலோடால்டன் சுற்றி. 1972-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சமையலறைச் சங்கதி எங்கே போய் நிற்கிறது பாருங்கள். பிறகு மரபணுவையே திருத்தி விதவிதமான துண்டுகள் செய்யக் கற்றுக்கொண்டார்கள். கையின் நுனிகளை மட்டும் இணைத்தால் 25 கிலோடால்டன் சுற்றி ஒன்று. அதில் இரண்டைச் சேர்த்தால் டயாபாடி. இன்னும் கொஞ்சம் பெரிதாக, 75, 80 அளவில் மினிபாடி.

துண்டு ஸ்கேன் சந்தைக்கு வந்ததே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். குடல் புற்றைத் தேட எலி ஆன்டிபாடியின் ஃபேப் துண்டில் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கட்டிய ஒரு தயாரிப்புக்கு அமெரிக்காவில் 1996-லேயே ஒப்புதல் கிடைத்தது. பிறகு எஃப்டிஜி பெட் பரவ, அது இருந்த இடம் தெரியாமல் போனது. ஒப்புதல் கிடைத்தால் ஒரு ஸ்கேன் நிலைத்துவிடும் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தத் தயாரிப்பின் ஞாபகம்தான் வரும்.

இனி ஒட்டகம். பெல்ஜியத்தில் பிரசல்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களின் ஆய்வக வகுப்புக்காக உறைய வைத்திருந்த ஒட்டக ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, வழக்கமான ஆன்டிபாடிகளோடு கூட விநோதமான இன்னொரு வகையும் தென்பட்டது. நம் ஆன்டிபாடியில் கனமான சங்கிலி இரண்டு, இலேசான சங்கிலி இரண்டு. ஒட்டகத்தின் அந்த வகையில் இலேசான சங்கிலியே கிடையாது. ரேமண்ட் ஹேமர்ஸ் குழு இதை 1993-ல் நேச்சர் இதழில் வெளியிட்டது. அதன் கை நுனியை மட்டும் தனியாக எடுத்தால் 15 கிலோடால்டன்தான், முழு ஆன்டிபாடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்கு நானோபாடி என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவு சின்னதாக இருந்தும் பிடி தளராது. ஒட்டகத்தோடு லாமா, அல்பாகா விலங்குகளிலும் இது உண்டு. மருந்தாகவும் வந்துவிட்டது: அபூர்வமான ஒரு ரத்த உறைவு நோய்க்கான காப்ளசிசுமாப், ஐரோப்பாவில் 2018-ல், அமெரிக்காவில் 2019-ல். ஆகவே மனித உடம்புக்கு நானோபாடி புதுசு இல்லை, ஸ்கேனுக்குத்தான் இன்னும் வாசல் திறக்கவில்லை.

நீங்கள் படித்தது அநேகமாக பிரசல்ஸ் மருத்துவமனை 2016-ல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிய செய்தியாக இருக்கும். மார்பகப் புற்றுநோய் உள்ள 20 பெண்கள். ஹெர்-2-ஐப் பிடிக்கும் நானோபாடியில் கேலியம்-68 கட்டிச் செலுத்தினார்கள். ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் மிஞ்சியது பத்தில் ஒரு பங்குதான். ஊசி போட்டு ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் படம் எடுத்தாயிற்று. நான்கு நாள் காத்திருந்த வேலை, ஒரு காப்பி குடித்து வருவதற்குள் முடிந்தது. கதிர்வீச்சு சராசரியாக 4.6 மில்லிசீவர்ட், எஃப்டிஜியை விடக் குறைவு. கேலியம்-68 பாதியாக 68 நிமிடம் போதும், காலையில் ஊசி போட்டவர் இரவு பேரப்பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளலாம். இந்த நானோபாடி ஹெர்-2-இல் பிடிக்கும் இடமும் ஹெர்செப்டின் பிடிக்கும் இடமும் வேறு வேறு. அதனால் ஹெர்செப்டின் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே படம் எடுக்கலாம் என்பது இன்னொரு சௌகரியம்.

இதுவரை சொன்னது உறுதியானது. துண்டு சின்னதானால் ரத்தத்தை விட்டுச் சீக்கிரம் போகும், அன்றைக்கே படம் கிடைக்கும், கதிர்வீச்சு குறையும். இதில் துறைக்குள் யாருக்கும் சந்தேகம் இல்லை. செய்திகள் ஒரு விஷயத்தை மட்டும் தவறாகச் சொல்கின்றன: சின்னது என்பதால் கூர்மையாகப் பார்க்கிறது என்று. கட்டியில் போய்ச் சேரும் அளவைக் கணக்கிட்டால் முழு ஆன்டிபாடிதான் அதிகம் சேரும். நாள் கணக்கில் சுற்றிச் சுற்றி வந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குகிறதே. நானோபாடியின் கெட்டிக்காரத்தனம் எல்லாம் மற்ற இடங்களைச் சீக்கிரம் காலி செய்வதில்தான் இருக்கிறது. கட்டி அதிகம் ஒளிர்வதில்லை, சுற்றுப்புறம் இருட்டாகிறது. இதைப் பிடித்துக்கொண்டால், எங்கே இது வேலை செய்யும், எங்கே செய்யாது என்று நீங்களே சொல்லிவிடலாம். எந்த உறுப்பு இருட்டாவதில்லையோ அங்கே இதன் கெட்டிக்காரத்தனம் செல்லாது.

அப்படி இருட்டாகாத முதல் உறுப்பு சிறுநீரகம். 15 கிலோடால்டன் துண்டு சல்லடை வழியே சுலபமாக வழிந்துவிடுகிறது. ஆனால் சிறுநீரகம் சிக்கனமான குடும்பத் தலைவி மாதிரி, வழிந்த புரதத்தை வீணாக விடாமல் குழாயின் சுவரிலேயே பிடித்து உள்ளே இழுத்துச் செரித்து, உதிரிகளை ரத்தத்துக்குத் திருப்பித் தரும். கேலியம், சிர்கோனியம் மாதிரி உலோகம் மட்டும் செரிக்காது. மீனைத் தின்றுவிட்டு முள்ளை வாயிலேயே ஒதுக்கி வைத்த கதை. கதிரியக்கம் அங்கேயே தங்கிவிடும். ஆய்வுக் காலத்தில் எலிகளுக்குத் துண்டு செலுத்திப் படம் எடுத்த நாட்களில், திரையில் முதலில் தெரிவது இரண்டு சிறுநீரகங்கள்தான், காரின் முன்விளக்கு மாதிரி. கடுகளவுக் கட்டியைத் தேட, ஒளி அளவைக் குறைத்துக் குறைத்துப் பார்ப்போம். லைசின் போன்ற அமினோ அமிலங்களையோ ஜெலட்டின் கரைசலையோ கூடவே ஏற்றினால் இது குறையும். நானோபாடியைத் தூய்மைப்படுத்துவதற்காக ஒட்டவைக்கும் வால்பகுதியை நீக்கினாலும் குறையும். ஃபுளோரின்-18 கட்டினால் செரித்த மிச்சம் வெளியேறவும் வாய்ப்பு உண்டு. குறையும் என்றுதான் சொல்கிறேன், மறையாது.

இரண்டாவது கல்லீரல். இங்கேதான் அம்மாவின் கதை வருகிறது. பிரசல்ஸ் ஆய்வில் சிறுநீரகத்துக்கு அடுத்து ஒளிர்ந்த உறுப்புகளில் கல்லீரலும் குடலும் இருந்தன. கல்லீரல் செல்களிலேயே கொஞ்சம் ஹெர்-2 உண்டு. ரத்தத்தில் உள்ள பலதையும் பிடித்து வைப்பது அதன் பிறவிக் குணமும்கூட. நானோபாடிக்குத் தூரத்துச் சொந்தம் போன்ற ஒன்றை ஸ்வீடனின் உப்சாலா குழு சோதித்தபோது இதை நன்றாகவே பார்த்தார்கள். அதன் பெயர் அஃபிபாடி, எடை 7 கிலோடால்டன் சுற்றி, கண்டிப்பாகப் பார்த்தால் அது ஆன்டிபாடித் துண்டே இல்லை. கதிரியக்கம் கட்டாத அதே பொருளையும் போதிய அளவு கூடச் சேர்த்துக் கொடுத்தால் கல்லீரல் வயிறு நிறைந்து கொஞ்சம் அடங்குகிறது, குறைவாகக் கொடுத்தால் அது நிறைய விழுங்கிவிடுகிறது. இப்போது நினைத்துப் பாருங்கள். எலும்பிலோ நிணநீர்க் கட்டியிலோ பரவியிருந்தால், இருட்டில் ஒரு விளக்கு போலத் தெரியும். கல்லீரலில் இரண்டு புள்ளி என்றால், எரிகிற விளக்கின் மேல் இன்னொரு விளக்கைத் தேடுவது. ஹெர்-2 மிக அதிகமாக இருந்தால் தெரியலாம். தெரியவில்லை என்றால், ஹெர்-2 இல்லை என்று அர்த்தமா, கல்லீரலின் ஒளியில் அமுங்கிவிட்டது என்று அர்த்தமா? அந்தப் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. சிகிச்சையைத் தீர்மானிக்க வேண்டிய இடத்தில் அப்படி ஒரு பதில் பதிலே இல்லை.

அடுத்தது சந்தேகமான பகுதி. படத்தில் தெரியும் ஒளியின் அளவை வைத்து ஹெர்-2 எவ்வளவு என்று கணக்கிட முடியுமா? பிரசல்ஸ் ஆய்விலேயே மார்பகத்தில் இருந்த முதல் கட்டிகளில் பிடிப்பு ஆளுக்கு ஆள் ஏறி இறங்கியது. பரவிய ஹெர்-2 கட்டிகளில் நன்றாக இருந்தது. இருபது பேரை வைத்து எல்லைக்கோடு போட முடியாது, அவர்களும் போடவில்லை. அதோடு மருத்துவமே இடையில் நகர்ந்துவிட்டது. முன்பெல்லாம் நோய்க்குறியியல் ஆய்வகம் சதையைப் பார்த்துக் கொடுக்கும் மதிப்பெண் 3+ என்றால் ஹெர்-2 உண்டு, 0 அல்லது 1+ என்றால் இல்லை, 2+ என்றால் மரபணுச் சோதனை. 2022-ல் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் என்ற மருந்து, பரவிய நோயில் 1+ அளவுக்குக் கொஞ்சமாக ஹெர்-2 இருப்பவர்களுக்கும் பலன் தருகிறது என்று தெரிந்தது. முன்பு இல்லை என்று ஒதுக்கப்பட்டவர்களில் பாதிக்குமேல் இப்போது குறைவாக உண்டு என்ற வரிசையில் நிற்கிறார்கள். 0-வுக்கும் 1+க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல நுண்ணோக்கியில் பார்க்கும் நிபுணர்களே தடுமாறுகிறார்கள். கல்லீரலுக்குள் அந்த வித்தியாசத்தை ஒரு பெட் படம் காட்டும் என்று நான் நம்பவில்லை.

ஊசி விட்டு எடுக்கும் சதை ஹெர்-2-ஐ மட்டும் சொல்வதில்லை என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். முதலில், அது புற்றுதானா? கல்லீரலில் தெரிவதெல்லாம் புற்று இல்லை. புற்று என்றால் மார்பகத்திலிருந்து வந்ததா, வேறு புதிதா? ஹார்மோனைப் பிடிக்கும் புரதமான ஹார்மோன் ஏற்பி உண்டா? மரபணு மாற்றம் ஏதும் உண்டா? ஆறு வருடத்துக்கு முன் இருந்த குணம் இப்போதும் இருக்கிறது என்று நிச்சயமில்லை. சிலருக்கு ஹெர்-2 போய்விடும், சிலருக்குப் புதிதாக வரும், ஹார்மோன் ஏற்பியும் அப்படித்தான். நானோபாடி தனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே கேள்வியைத்தான் கேட்டு வரும். அரிசி மணி அளவுத் துண்டு சதை, பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லும்.

அப்படியானால் இந்த ஸ்கேனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். சதைச் சோதனை சொல்லாததையும் இது சொல்லும், அதனால்தான் எங்கள் ஆட்கள் இத்தனை வருடமாக விடாமல் இருக்கிறார்கள். ஊசி ஓர் இடத்தில்தான் போகும். ஒருவருக்குப் பன்னிரண்டு இடத்தில் பரவியிருந்தால், அதில் எட்டு ஹெர்-2 உள்ளதாகவும் நான்கு இல்லாததாகவும் இருக்கலாம். எல்லாவற்றிலும் குத்திப் பார்க்க முடியுமா? மூளையில், முதுகெலும்பின் ஓரத்தில் ஊசி விடுவது லேசா? சிகிச்சை தொடங்கி ஆறு வாரத்தில் என்ன மாறியது என்று பார்க்க மறுபடி குத்துவதா? இந்த இடங்களில்தான் இதன் எதிர்காலம் இருக்கிறது என்பது என் கணிப்பு. நோய் எதிர்ப்பு சிகிச்சை பக்கமும் இதே வேலை நடக்கிறது. ஷாங்காயில் நுரையீரல் புற்று நோயாளிகள் 16 பேருக்கு பிடி-எல்1 புரதத்தைப் பிடிக்கும் நானோபாடியில் டெக்னீசியம் கட்டிப் படம் எடுத்ததை 2019-ல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் சிடி8 என்ற எதிர்ப்பணுக்களைப் பிடிக்கும் மினிபாடியை மனிதர்களில் சோதித்தார்கள். மருந்து கொடுத்தபின் உடம்பின் படைவீரர்கள் கட்டிக்குள் நுழைந்தார்களா என்பதையே படமாகப் பார்க்கும் ஆசை அது. படம் வருகிறது, அது உறுதி. அந்தப் படத்தைப் பார்த்து டாக்டர் சிகிச்சையை மாற்றினால் நோயாளி கூடுதல் நாள் வாழ்கிறாரா என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. என் அளவில் அந்தக் கேள்விதான் முக்கியம்.

இத்தனை வருடம் ஆகியும் ஏன் கைக்கு வரவில்லை என்பதற்கு என் மேசையிலிருந்தே ஒரு காரணம் சொல்கிறேன். கேலியம்-68 ஒரு ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. ஈயத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஜெர்மேனியம்-68 சிதைந்து கேலியம் ஊறிக்கொண்டே இருக்கும், காலையில் நீர்த்த அமிலத்தை விட்டுக் கறந்து எடுப்போம். ஆமாம், கறப்பது என்றுதான் எங்கள் பேச்சு, ஜெனரேட்டர்தான் மாடு. கறந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். வழக்கமாக நாங்கள் செய்யும் பெப்டைடுகளை, அதாவது குட்டிப் புரதத் துண்டுகளை, அமிலக் கரைசலில் 95 டிகிரியில் சில நிமிடம் சூடாக்கினால்தான் கேலியம் ஒட்டும். பல வருடத்துக்கு முன் ஆய்வுக்காக ஓர் ஆன்டிபாடித் துண்டு வந்தது, 25 கிலோடால்டன் வகை. கை பழகிய பழக்கத்தில் நான் அதையும் சூட்டுக் கட்டையில் வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் குப்பிக்குள் வெள்ளை நூல் நூலாக மிதக்கிறது, ரசத்தில் முட்டை உடைத்து ஊற்றின மாதிரி. புரதம் வெந்துவிட்டது. கறந்த கேலியமும் போச்சு, இரண்டு மாதம் காத்திருந்து வந்த துண்டும் போச்சு. அன்று என் பக்கத்தில் நின்ற பெண் ஒன்றும் பேசவில்லை, அதுதான் அதிகம் வலித்தது. நானோபாடி சூடு தாங்குவதில் மற்றத் துண்டுகளை விடக் கெட்டி. அறை வெப்பத்திலேயே கேலியத்தைப் பிடிக்கும் கொக்கிகளும் வந்துவிட்டன. ஆனாலும் ஒவ்வொரு நோயாளிக்கும் அன்றன்று செய்து, தாள் பட்டையில் ஓடவிட்டு, ஒட்டாத கேலியம் எவ்வளவு என்று பார்த்து, கணக்குச் சரியாக வந்தால்தான் கொடுக்கலாம். சரியாக வராவிட்டால் வாசலில் உட்கார்ந்திருப்பவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இதைத் தினசரி வேலையாக்க ஆள், அறை, பணம் எல்லாம் வேண்டும். அந்தப் பணத்தைப் போடப் போகும் நிறுவனம் எத்தனை நோயாளி வருவார்கள் என்று எண்ணும்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். சிங்கப்பூரில் கேலியம் ஸ்கேன் இருக்கிறது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இருக்கிறது, புராஸ்டேட் புற்றுக்கும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளுக்கும். அவற்றில் பயன்படுவது சின்ன மூலக்கூறும் பெப்டைடும், ஆன்டிபாடித் துண்டு இல்லை. அம்மாவின் நோய்க்கு அவை பொருந்தாது.

இங்கே படம் எடுப்பதற்கான ஒரு புதுக் கதிரியக்க மருந்தை மனிதருக்குச் செலுத்த வேண்டும் என்றால் சுகாதார அறிவியல் ஆணையம் பார்க்க வேண்டும், கதிர்வீச்சு உரிமத்துக்குத் தேசியச் சுற்றுப்புற வாரியம் பார்க்க வேண்டும், மருத்துவமனையின் நெறிமுறைக் குழு பார்க்க வேண்டும். ஆகவே கிடைத்தால் ஆய்வு வழியாகத்தான் கிடைக்கும். டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்: "அம்மாவுக்குப் பொருந்துகிற ஹெர்-2 ஸ்கேன் ஆய்வு ஏதாவது ஆள் சேர்க்கிறதா?" கேட்பதில் தவறே இல்லை. இருந்தாலும் பெரும்பாலான ஆய்வுகள் சதைச் சோதனை முடிவையும் கேட்கும், ஏனென்றால் படம் சொன்னது சரியா என்று ஒப்பிட அதுதான் அளவுகோல். ஊசிக்குப் பயந்து போனால் அங்கேயும் ஊசி நிற்கும். வெளிநாட்டில் பணம் கட்டினால் எடுத்துத் தருகிறோம் என்று யாராவது விளம்பரம் காட்டினால் தயவுசெய்து அந்த வெள்ளியை வீட்டிலேயே வையுங்கள். இந்த ஸ்கேனுக்காகச் சதைச் சோதனையை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

அம்மாவின் பயத்துக்கும் இரண்டு வார்த்தை. என் வேலை ஊசிக்குழலை நிரப்புவது, நான் கல்லீரலில் ஊசி விடுவதில்லை. ஆனால் அந்த அறைக்கு அடுத்த அறையில்தான் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன். அல்ட்ராசவுண்டிலோ சிடி ஸ்கேனிலோ பார்த்துக்கொண்டே, இடத்தை மரத்துப்போக வைத்துவிட்டுத்தான் ஊசியை விடுவார்கள். மூச்சைப் பிடி, விடு என்று சொல்வார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்றால், தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், அல்லது மூச்சைப் பிடிப்பதை வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். எடுத்த பிறகு சில மணி நேரம் அசையாமல் படுக்கச் சொல்வார்கள், ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஆஸ்பிரினோ, ரத்தம் உறையாமல் இருக்க வேறு மாத்திரையோ, மீன் எண்ணெய், நாட்டு மருந்து எதுவோ அம்மா சாப்பிடுகிறார் என்றால் ஒன்று விடாமல் எழுதி இப்போதே டாக்டரிடம் கொடுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், எதை எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள். பழைய கட்டியின் நோய்க்குறியியல் அறிக்கை வேறு மருத்துவமனையில் இருந்தால் அதன் நகலையும் வாங்கி வையுங்கள். ஆறு வருடத்துக்கு முந்தைய அந்தத் தாளைப் புதிய முடிவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் டாக்டர் முதலில் கேட்பார்.